அச்சத்தில் தொடங்கி அச்சகத்தில் முடிந்த பத்தாண்டு: ஜிம்பாப்வே, 2000–2009

2000ஆம் ஆண்டு பிப்ரவரி 12, 13 ஆகிய இரு நாள்களில் ஜிம்பாப்வே மக்கள் ஒரு புதிய அரசியல் சாசன வரைவின் மீது வாக்களித்தனர். குடியரசுத் தலைவரின் அதிகாரங்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்த அந்த வரைவில், வெள்ளையர்களின் பண்ணை நிலங்களை அரசு எடுத்துக்கொள்ளலாம், அதற்கான இழப்பீட்டைக் கொடுக்கும் பொறுப்பு பழைய காலனி ஆட்சியாளரான பிரிட்டனையே சேரும் என்ற பிரிவும் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. வாக்களித்தவர்களில் சுமார் 55 சதவீதத்தினர் அதை நிராகரித்தனர். 1980இல் நாடு விடுதலை பெற்ற நாள் முதல் தேசிய அளவிலான எந்த வாக்கெடுப்பிலும் தோற்றறியாத குடியரசுத் தலைவர் ராபர்ட் முகாபே, தொலைக்காட்சியில் தோன்றி, முடிவை ஏற்றுக்கொள்வதாக நிதானமாகச் சொன்னார். அடுத்த சில நாள்களிலேயே மஸ்விங்கோ மாகாணத்தில் முன்னாள் விடுதலைப் போராளிகள் வெள்ளையரின் பண்ணைகளுக்குள் புகத் தொடங்கினர். நாடாளுமன்றத் தேர்தலுக்கு அப்போது நான்கு மாதங்களே இருந்தன.

இந்தப் பத்தாண்டை உலகம் நினைவில் வைத்திருப்பது பணத்தாள்களில் அச்சான சுழியங்களுக்காகத்தான். அந்த வீழ்ச்சிக்கு இரண்டு எளிய விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. விளைந்துகொண்டிருந்த நிலங்களைப் பறித்ததால் நாடு அழிந்தது என்பது ஒன்று. நிலத்தை மீட்டதற்குத் தண்டனையாக மேற்கு நாடுகள் விதித்த தடைகளால் அழிந்தது என்பது மற்றொன்று. இரண்டும் முழுப் பொய்யல்ல. ஆனால் ஆட்சி கைநழுவிப் போய்விடும் என்று அந்த பிப்ரவரியில் ஆளுங்கட்சியைப் பற்றிக்கொண்ட அச்சத்தை இரண்டுமே கணக்கில் எடுப்பதில்லை. நிலப் பத்திரத்தில் தொடங்கி நீதிமன்ற ஆணை, பணத்தாள், வாக்குச்சீட்டு என்று அடுத்தடுத்து எல்லாம் வெற்றுக் காகிதமாகிப்போனதற்கு அந்த அச்சமே காரணம் என்பது என் கருத்து.

நிலச் சிக்கல் முகாபே கிளப்பிவிட்டதல்ல. தெற்கு ரொடீசியா என்று பெயர் வழங்கிய காலத்தில், 1930ஆம் ஆண்டின் நிலப் பங்கீட்டுச் சட்டம் நல்ல மழையும் வளமான மண்ணும் கொண்ட மேட்டுநிலங்களை வெள்ளையருக்கு ஒதுக்கி, கறுப்பின மக்களைப் பெரும்பாலும் மழை குறைந்த, மணல்பாங்கான பகுதிகளுக்குள் அடைத்தது. விடுதலையின்போது ஏறத்தாழ 6 ஆயிரம் வெள்ளைப் பண்ணையார்களிடம் 1.55 கோடி ஹெக்டேர் நிலம் இருந்தது. ஏறக்குறைய அதே பரப்புள்ள, தரம் குறைந்த நிலத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. விடுதலைக்கு வழிவகுத்து 1979 டிசம்பரில் லண்டனில் கையெழுத்தான லங்காஸ்டர் மாளிகை உடன்படிக்கையோ, விற்க விரும்புபவரிடமிருந்து விலை கொடுத்தே நிலம் வாங்க வேண்டும் என்று புதிய அரசின் கையைப் பத்தாண்டுகளுக்குக் கட்டிப்போட்டது. 1,62,000 குடும்பங்களைக் குடியமர்த்துவதாக இலக்கு வைத்த அரசு, 1990களின் இறுதிவரை சுமார் 71 ஆயிரம் குடும்பங்களுக்கே நிலம் தந்திருந்தது. கட்டு அவிழ்ந்த பிறகும் வேகம் கூடவில்லை; அரசு வாங்கிய பண்ணைகளில் சில, அமைச்சர்களுக்கும் உயரதிகாரிகளுக்கும் குத்தகையாகப் போன செய்தி 1990களிலேயே வெளிவந்தது. 1998இல் மரோண்டேராவுக்கு அருகே ஸ்வோஸ்வே மக்கள், பொறுத்தது போதும் என்று தாங்களாகவே பண்ணைகளுக்குள் போய் அமர்ந்தபோது, அவர்களிடம் பேசி வெளியேற வைத்தது இதே முகாபே அரசுதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, அந்த அரசு இரண்டே ஆண்டுகளில் ஏன் தலைகீழாக மாறியது என்பதே. அதற்கு 1997க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு, செஞ்செராய் ஹுன்ஸ்வியின் தலைமையில் திரண்ட முன்னாள் போராளிகள், தங்களைக் கைவிட்டுவிட்டு அமைச்சர்கள் மட்டும் கொழுத்துவிட்டார்கள் என்று முகாபேயை நேருக்கு நேர் நின்று கேட்டார்கள். பணிந்துபோன அரசு, சுமார் 50 ஆயிரம் பேருக்குத் தலா 50 ஆயிரம் ஜிம்பாப்வே டாலரும், மாதம் 2 ஆயிரம் டாலர் ஓய்வூதியமும் தருவதாக ஒப்புக்கொண்டது. வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு காசு கூட ஒதுக்கப்படவில்லை என்பது சந்தைக்குத் தெரிந்த நவம்பர் 14ஆம் தேதி, சில மணி நேரத்தில் நாணயம் சரிந்து விழுந்தது; அந்த நாளை ஜிம்பாப்வேயினர் இன்றும் 'கறுப்பு வெள்ளி' என்கிறார்கள். அதே மாதத்தில், நிலம் வாங்கும் செலவை ஏற்கும் தனிப் பொறுப்பு எதுவும் பிரிட்டனுக்கு இல்லை என்று அந்நாட்டின் வளர்ச்சித் துறை அமைச்சர் கிளேர் ஷார்ட் கடிதம் எழுதினார். 1998இல் உணவு விலையை எதிர்த்துத் தலைநகர் ஹராரேயில் கலவரம் மூண்டது. அந்த ஆகஸ்டில் அரசு காங்கோ போருக்குப் படை அனுப்பியது. 1999 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர் மோர்கன் சுவாங்கிராயின் தலைமையில் ஜனநாயக மாற்றத்துக்கான இயக்கம் என்ற எதிர்க்கட்சி பிறந்தது. அது பிறந்து ஐந்தே மாதத்தில் வந்ததுதான் அந்த வாக்கெடுப்புத் தோல்வி. நகரமும் தொழிலாளர்களும் கைவிட்டுப் போன நிலையில் ஆளும் ஜானு-பி.எஃப். கட்சிக்கு மிஞ்சியது கிராமப்புறம்; கிராமத்துக்குக் கொடுக்க அதனிடம் மிஞ்சியிருந்த ஒரே பொருள் நிலம்.

அதன் பிறகு நடந்ததற்கு அரசு வைத்த பெயர் துரித நிலச் சீர்திருத்தம். 1896இன் எழுச்சி, 1970களின் விடுதலைப் போர் ஆகியவற்றின் தொடர்ச்சியாக அதை 'மூன்றாவது சிமுரெங்கா', அதாவது மூன்றாவது விடுதலைப் போராட்டம், என்று கட்சி போற்றியது. மக்கள் வாயில் வழங்கிய சொல் வேறு: 'ஜம்பஞ்சா'. அடிதடி, கூச்சல், யார் பேச்சுக்கும் அடங்காத குழப்பம் எல்லாம் அந்த ஷோனா மொழிச் சொல்லில் அடக்கம். ஒரு கூட்டம் பண்ணை வீட்டின் வாசலில் தீ மூட்டி, இரவெல்லாம் பறையடித்துப் பாடும்; மறுநாள் காலையில் முளைக்குச்சி அடித்து நிலத்தைப் பங்கு போடும்; காவல் நிலையத்துக்குத் தொலைபேசினால், இது அரசியல் விவகாரம், நாங்கள் தலையிட முடியாது என்ற பதில் வரும். ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தபோது, 2000 நவம்பரில் முன்னாள் போராளிகள் உச்ச நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்தனர்; அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி அந்தோனி குபே, நெருக்குதல் தாங்காமல் பதவியிலிருந்து முன்கூட்டியே விலகினார். 2005இல் வந்த 17ஆவது சாசனத் திருத்தம், கையகப்படுத்தலை எதிர்த்து நீதிமன்றம் போகும் உரிமையையே எடுத்துவிட்டது.

தேர்தல் கணக்கு ஓரளவு பலித்தது என்றே சொல்ல வேண்டும். 2000 ஜூனில் தேர்தல் நடந்த 120 இடங்களில் ஆளுங்கட்சி 62, எதிர்க்கட்சி 57 இடங்களைப் பிடித்தன. மயிரிழையில்தான் ஆட்சி தப்பியது.

நிலத்தைப் பெற்றவர்கள் எல்லாரும் முகாபேயின் கூட்டாளிகள் என்று வெளிநாட்டு ஊடகங்கள் எழுதியது சரியல்ல. ஏறத்தாழ 1,70,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிறு நிலம் தரும் 'ஏ1' திட்டத்தின்கீழ் வந்த சாதாரணக் கிராமத்தார், நகரத்து ஏழைகள். பெரிய பண்ணைகளைத் தரும் 'ஏ2' திட்டத்தில்தான் அமைச்சர்கள், தளபதிகள், நீதிபதிகள் முண்டியடித்தனர். சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட பண்ணைகளை வளைத்துப்போட்டனர். மஸ்விங்கோவில் பல ஆண்டுகள் நடந்த கள ஆய்வு, சிறு நிலம் பெற்ற குடும்பங்களில் கணிசமானவை கிணறு வெட்டி, மாடு வாங்கி, விளைச்சலை விற்று முன்னேறியதைப் பதிவு செய்துள்ளது. ஆனால் அந்த முன்னேற்றம் மெல்ல வந்தது. வீழ்ச்சியோ உடனே வந்தது. 2000இல் 23.7 கோடி கிலோவாக இருந்த புகையிலை விளைச்சல் 2008இல் 4.8 கோடி கிலோவுக்கு இறங்கியது. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு புகையிலையிலிருந்தே வந்தது; உரத் தொழிற்சாலையும் பருத்தி ஆலையும் பண்ணைகளை நம்பியே ஓடின; வங்கிகள் பண்ணைப் பத்திரத்தை அடமானமாக வைத்துக்கொண்டுதான் கடன் கொடுத்திருந்தன. பத்திரம் செல்லாது என்றானதும் அந்தக் கடன் அத்தனையும் காற்றில் போயிற்று. புதிய உழவருக்கோ காட்டி கடன் வாங்கப் பத்திரமே இல்லை. நிலம் அரசுடையது, அவர் கையில் இருந்தது ஓர் ஒதுக்கீட்டுக் கடிதம். எந்த வங்கியும் அதன் பேரில் விதைக்கும் உரத்துக்கும் பணம் தராது.

இந்தக் கதையில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு கூட்டம் உண்டு. வெள்ளையரின் பண்ணைகளில் கூலி வேலை செய்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். குடும்பத்தோடு கணக்கிட்டால் பல லட்சம். அவர்களில் பலரின் பாட்டன் பூட்டன் மலாவியிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் ஜாம்பியாவிலிருந்தும் வந்தவர்கள். புது வரவுகள் அவர்களை முதலாளியின் ஆள்கள் என்று அடித்து விரட்டினர். நிலப் பங்கீட்டில் அவர்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. போதாக்குறைக்கு, 2001இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம், தாம் கண்ணால் கூடக் கண்டிராத முன்னோர் நாட்டின் குடியுரிமையைத் துறந்ததற்குச் சான்று கேட்டது. கொடுக்க முடியாதவர்கள் வாக்குரிமையை இழந்தனர். 2002 மார்ச்சில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் முகாபே வென்றதாக அறிவிக்கப்பட்டது. அதில் நடந்த வன்முறைக்காகவும் முறைகேடுகளுக்காகவும் காமன்வெல்த் அமைப்பு ஜிம்பாப்வேயை இடைநீக்கம் செய்தது.

அச்சம் அடுத்ததாக நகரத்தின் மீது திரும்பியது. 2005 மார்ச் தேர்தலில் நகரங்கள் மீண்டும் எதிர்க்கட்சிக்கே வாக்களித்திருந்தன. அந்த மே மாதத்தில், தென்னரைக்கோளத்தின் குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், 'முரம்பட்ஸ்வினா', அதாவது 'குப்பையை அகற்று', என்ற பெயரில் காவல் துறையும் புல்டோசர்களும் சேரிகளுக்குள்ளும் சந்தைகளுக்குள்ளும் இறங்கின. வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா.வின் தூதர் அன்னா திபைஜுகா மதிப்பிட்டார். ஹராரேக்கு வெளியே இருந்த போர்ட்டா ஃபார்ம் குடியிருப்பின் கதை ஒன்றே போதும். 1991இல் காமன்வெல்த் மாநாட்டுக்கு வரும் விருந்தினர் கண்ணில் படக் கூடாது என்று நகரத்திலிருந்து அரசே அள்ளிக்கொண்டுபோய் விட்ட மக்கள் அவர்கள். அப்புறப்படுத்தக் கூடாது என்ற நீதிமன்ற ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றும், வீடுகள் தரைமட்டமாவதை அவர்களால் தடுக்க முடியவில்லை.

இனிப் பணத்தின் கதைக்கு வரலாம். வரி வருவாய் வற்றி, வெளியார் கடனும் நின்றுபோன அரசுக்குச் செலவு மட்டும் குறையவில்லை. 2003 டிசம்பரில் நாட்டின் மத்திய வங்கியான ரிசர்வ் வங்கியின் ஆளுநராக வந்த கிடியோன் கோனோ, நிதியமைச்சகம் செய்ய வேண்டிய வேலைகளை எல்லாம் வங்கியே செய்யும்படி ஆக்கினார். உழவருக்கு மானிய டீசல், டிராக்டர், திவாலான வங்கிகளுக்கு மீட்புப் பணம் என எல்லாவற்றுக்கும் வழி ஒன்றே: அச்சகம். பன்னாட்டு நிதியத்துக்கு இருந்த நிலுவைக் கடனை அடைக்கத் தேவையான அமெரிக்க டாலரை வாங்குவதற்காக 21 லட்சம் கோடி ஜிம்பாப்வே டாலரை அச்சிட்டதாக 2006இல் அவரே ஒப்புக்கொண்டார். அச்சிட்டவை முறையான பணத்தாள்கள் கூட அல்ல; 'பேரர் செக்' எனப்பட்ட அவற்றில், மருந்து அட்டையில் இருப்பதுபோல், இன்ன தேதிக்கு மேல் செல்லாது என்று காலாவதி நாள் அச்சாகியிருந்தது. ஒரு நாட்டின் பணம் தன்னைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசியது அபூர்வம்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால்தான் அது ஏன் இத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பது விளங்கும். 2007 செப்டம்பரில் அமெரிக்க டாலர் ஒன்றுக்கு அரசு நிர்ணயித்த விலை 30 ஆயிரம் ஜிம்பாப்வே டாலர். கள்ளச்சந்தையில் அது லட்சங்களைத் தாண்டி, 2008இன் தொடக்க மாதங்களில் கோடிகளை எட்டியது. கள்ளச்சந்தையில் டாலர் 3 கோடி விற்கும் நாளில், ரிசர்வ் வங்கியிடமிருந்து அரசு விலைக்கு ஒரு டாலரை வாங்கும் செல்வாக்கு ஒருவருக்கு இருந்தால், அதை விற்று வரும் பணத்தைக் கொண்டு மறுபடி அரசு விலைக்கு ஆயிரம் டாலர் வாங்கலாம். அந்தச் செல்வாக்கு கட்சியின் மேல்மட்டத்துக்கே இருந்தது. பணவீக்கம் அவர்களைப் பொறுத்தவரை பேரிடர் அல்ல, வருமானம்.

சாதாரண மக்களும் தங்கள் அளவில் வழி கண்டார்கள். வங்கியிலிருந்து நாளொன்றுக்கு எடுக்கக்கூடிய ரொக்கத்துக்கு உச்சவரம்பு இருந்தது. வரிசையில் விடியுமுன் நின்று எடுத்தால் பேருந்துக் கட்டணத்துக்குக் கூடக் காணாது. எனவே ரொக்கத்துக்கு ஒரு விலை, வங்கிக் கணக்கில் இருக்கும் எண்ணுக்கு வேறு விலை என்று ஒரே நாணயம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு சிறு அமெரிக்க டாலர் நோட்டைக் கொடுத்தால் கணக்கில் மலைபோல் எண்கள் வந்து சேரும். அதைக் கொண்டு கடனையோ மின்கட்டணத்தையோ அடைத்துவிடலாம். இதற்குப் பெயர் 'எரித்தல்'. உண்மையான மாற்று விகிதத்தை அரசு சொல்லாதபோது, வணிகர்கள் அதை ஓல்டு மியூச்சுவல் நிறுவனத்தின் பங்கு விலையிலிருந்து கண்டுபிடித்தார்கள்: அதே பங்கு லண்டனிலும் விற்கிறது, ஹராரேயிலும் விற்கிறது, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அன்றைய டாலர் விலை கிடைத்துவிடும். முறையான வேலை என்று ஒன்று இல்லாத நாட்டில், அங்கே வாங்கி இங்கே விற்று, இதை ஒட்டி அதை வெட்டி நாளைக் கடத்தும் பிழைப்புக்கு மக்கள் வைத்த பெயர் 'குகியா-கியா'.

2007 ஜூனில், விலைகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அரசு கடைகளுக்கு ஆணையிட்டு, மறுத்த வணிகர்களைக் கைது செய்தது. முதல் சில நாள்கள் திருவிழாக் கூட்டம். காவலர்களும் வரிசையில் நின்று அள்ளினர். அதன் பிறகு அலமாரிகள் காலி. சட்ஸா எனப்படும் மக்காச்சோளக் களிதான் அங்கே அன்றாட உணவு; அதற்கான மாவே கடைகளில் மறைந்தது. மக்காச்சோள விளைச்சல் 2008இல் 6 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. 1990களின் நல்ல ஆண்டுகளில் அது 20 லட்சம் டன்னைத் தாண்டியதுண்டு.

மேற்குலகத் தடைகளின் பங்கு என்ன? அமெரிக்கா 2001 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டம், பன்னாட்டு நிதி நிறுவனங்களில் ஜிம்பாப்வேக்குக் கடன் தருவதை எதிர்க்குமாறு தன் பிரதிநிதிகளைப் பணித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002 பிப்ரவரியில் ஆட்சியாளர்களின் பயணங்களையும் சொத்துகளையும் முடக்கியது. ஆயினும் நிலுவையைக் கட்டாத காரணத்தால் உலக வங்கியின் கடன் அதற்கு முன்பே நின்றிருந்தது. தடைகள் மீட்சியைக் கடினமாக்கின என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஹராரேயின் அச்சகத்தை இயக்கியது வாஷிங்டன் அல்ல. தடை ஆட்சிக்கு அளித்த பெரிய உதவி, எல்லாத் தோல்விகளுக்கும் ஓர் ஆயத்தமான விடையைக் கொடுத்ததுதான்.

2008 மார்ச் 29 தேர்தலில், அண்டை நாடுகளின் சமரச முயற்சியால் வந்த ஒரு சிறு விதி பெரிய வேலை செய்தது: ஒவ்வொரு வாக்குச்சாவடியின் முடிவையும் அந்தச் சாவடியின் வாசலிலேயே ஒட்ட வேண்டும். எதிர்க்கட்சியினர் ஊர் ஊராக அந்தத் தாள்களைக் கைபேசியில் படம் எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி முதல்முறையாகப் பெரும்பான்மை இழந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவை மட்டும் ஐந்து வாரம் இழுத்தடித்து, மே 2இல் அறிவித்தார்கள்: சுவாங்கிராய் 47.9 சதவீதம், முகாபே 43.2 சதவீதம். பாதியைத் தாண்டாததால் இரண்டாம் சுற்று. வாசலில் ஒட்டிய அதே தாள், எந்த ஊர் யாருக்கு வாக்களித்தது என்பதை ஆளுங்கட்சிக்கும் காட்டிக்கொடுத்திருந்தது. 'எங்கே போட்டாய் உன் வாக்கை?' என்று பொருள்படும் ஷோனா பெயரோடு நடந்த அந்தப் பழிவாங்கலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு ஓடினர். சுவாங்கிராய் போட்டியிலிருந்து விலகினார். ஜூன் 27 அன்று முகாபே 85 சதவீத வாக்குகளுடன் தனியாக ஓடி முதலிடம் பெற்றார்.

அதன் பின்னர் வந்த மாதங்களில் அரசு என்ற ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. ஜூலையில் ஜெர்மனி நாட்டு நிறுவனம் ஒன்று பணத்தாள் அச்சிடும் காகிதத்தை அனுப்புவதை நிறுத்தியது. அந்த மாதத்தின் ஆண்டுப் பணவீக்கம் 23 கோடி சதவீதம் என்பதே அதிகாரிகள் வெளியிட்ட கடைசிக் கணக்கு. நவம்பர் நடுவில் விலைகள் ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை இரட்டித்தன என்று பொருளாதார அறிஞர் ஸ்டீவ் ஹாங்கே கணக்கிட்டார். ஆகஸ்டில் தொடங்கிய காலரா, கழிவுநீர் தெருவில் ஓடிய சிட்டுங்விசா, புதிரிரோ போன்ற புறநகர்களைச் சூறையாடியது. டிசம்பர் தொடக்கத்தில் சுத்திகரிப்பு ரசாயனம் தீர்ந்துபோய் தலைநகரின் குடிநீரே நிறுத்தப்பட்டது. தலைநகரின் பெரிய அரசு மருத்துவமனைகள் ஏறத்தாழ மூடிக் கிடந்த அந்தப் பருவத்தில் 98 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 4,200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காலரா, உப்பும் சர்க்கரையும் கரைத்த சுத்தமான நீர் வேளைக்குக் கிடைத்தால் பெரும்பாலும் பிழைக்க வைக்கக்கூடிய நோய்.

2009 ஜனவரி நடுவில் ரிசர்வ் வங்கி 100 டிரில்லியன் டாலர் தாளை வெளியிட்டது. நம் கணக்கில் ஒரு கோடி கோடி. முகப்பில், ஹராரேயை ஒட்டிய எப்வொர்த்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சமநிலையில் நிற்கும் பாறைகளின் படம். 2006இல் மூன்று, 2008 ஆகஸ்டில் பத்து என்று ஏற்கெனவே சுழியங்களை வெட்டியிருந்தவர்கள், அந்தத் தாள் வந்து மூன்று வாரம் முடிவதற்குள் மேலும் பன்னிரண்டை வெட்டினார்கள். ஆனால் அதற்குள் சந்தை முடிவெடுத்துவிட்டது. காய்கறி விற்பவரும் கோம்பி எனப்படும் பயணிகள் வேனின் ஓட்டுநரும் அமெரிக்க டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் தவிர வேறு எதையும் வாங்க மறுத்தனர். ஜனவரி 29 அன்று அரசு அதைச் சட்டமாக்கியது, அவ்வளவுதான். அதிகாரப் பகிர்வு உடன்பாட்டின்படி பிப்ரவரி 11இல் சுவாங்கிராய் பிரதமரானார். முகாபே அதிபராகவே நீடித்தார். படையும் காவலும் பழைய கைகளிலேயே இருந்தன. நிதியமைச்சர் தெண்டாய் பிட்டிக்குச் செலவழிக்க, வந்த வரியைத் தவிர வேறு காசு கிடையாது. அமைச்சர் முதல் கடைநிலை ஊழியர் வரை மாதம் 100 அமெரிக்க டாலர் என்று தொடங்கினார்கள். சில வாரங்களில் கடை அலமாரிகள் நிரம்பின. சில்லறைதான் இல்லை, கடையில் மீதிக்கு மிட்டாய் கொடுத்தார்கள், கோம்பியில் நடத்துநர் முன்பின் தெரியாத இருவரிடம் ஒரே டாலரைக் கொடுத்து, இறங்கிப் பங்கிட்டுக்கொள்ளச் சொன்னார்.

பழைய பணத்துக்குக் கணக்குத் தீர்க்க 2015 வரை ஆயிற்று. 1,750 கோடி கோடி ஜிம்பாப்வே டாலர் வரை இருப்பு வைத்திருந்த வங்கிக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் ரிசர்வ் வங்கி 5 அமெரிக்க டாலர் கொடுத்தது.